பங்குச் சந்தையில் களவாடிய தகவல்: தரவு எதுவரை பிடிக்கும்?

2008 செப்டம்பர் 23. அமெரிக்க நிதி நிறுவனங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்த நாட்கள். கோல்ட்மன் சாக்ஸ் நிறுவனத்தின் இயக்குநர் குழு அன்று மாலை தொலைபேசி வழியாகக் கூடியது. வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே நிறுவனம் தங்களிடம் 500 கோடி டாலர் முதலீடு செய்வதற்கு ஒப்புதல் தந்தது. கூட்டம் முடிந்தபோது நியூயார்க் சந்தை மூடுவதற்குச் சில நிமிடங்களே இருந்தன. முடிந்த ஒரு நிமிடத்துக்குள், குழு உறுப்பினரான ரஜத் குப்தாவிடமிருந்து கேலியன் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைவர் ராஜ் ராஜரத்தினத்துக்கு அழைப்பு போனது. கொழும்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வால் ஸ்ட்ரீட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவராக உயர்ந்தவர் ராஜரத்தினம். மணி அடிப்பதற்குள் கேலியன் கோல்ட்மன் பங்குகளை அவசர அவசரமாக வாங்கிக் குவித்தது. பஃபெட்டின் முதலீட்டுச் செய்தி சந்தை மூடிய பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. ராஜரத்தினத்துக்கு 2011இல் 11 ஆண்டுச் சிறை. குப்தாவுக்கு 2012இல் 2 ஆண்டுச் சிறையும் 50 லட்சம் டாலர் அபராதமும். அந்த மாலை அழைப்பில் இருவரும் என்ன பேசினார்கள் என்பதற்கு ஒலிப்பதிவு எதுவும் இல்லை. கூட்டம் முடிந்த நேரம், அழைப்பு போன நேரம், பங்கு வாங்கிய நேரம் ஆகியவை வரிசையாக நின்றன. நீதிமன்ற அனுமதியோடு ஒட்டுக்கேட்கப்பட்ட ராஜரத்தினத்தின் தொலைபேசியில், மறுநாள் அவர் தன் ஊழியரிடம் அந்த அழைப்பைப் பற்றிப் பேசியது பதிவாகியிருந்தது. நேரக்கணக்கு சந்தேகத்தைக் கிளப்பியது. மனிதர் வாயிலிருந்து வந்த பேச்சு அதை உறுதியாக்கியது.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இன்று நாம் மறந்துகொண்டிருக்கிறோம் என்பதே என் கவலை. செயற்கை நுண்ணறிவும் தரவுப் பகுப்பாய்வும் வந்துவிட்டன, இனிச் சந்தைத் திருடர்கள் தப்ப முடியாது என்று ஒரு பேச்சு பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மை. தரவு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று காட்டும். வீட்டுக்குள் என்ன நடந்தது என்று சொல்லாது. இந்திய நிலவரத்தைப் பார்த்தால், கதவைக் காட்டும் வேலையில் நாம் உலகின் பல நாடுகளைவிடவும் வசதியான இடத்தில் இருக்கிறோம். அதற்கடுத்த வேலையில்தான் பின்தங்கியிருக்கிறோம்.

இன்சைடர் டிரேடிங் என்பது ஒரு நிறுவனத்தின் உள்தகவலை வைத்துக்கொண்டு, அது ஊருக்குத் தெரிவதற்கு முன் பங்கை வாங்குவது அல்லது விற்பது. காலாண்டு லாபம், இன்னொரு நிறுவனத்தோடு இணைப்பு, போனஸ் பங்கு, பெரிய ஒப்பந்தம் என விலையை அசைக்கக்கூடிய, இன்னும் வெளியிடப்படாத எதுவும் உள்தகவல்தான். இந்தியாவில் இதைத் தடுக்கும் விதிமுறை 1992இல் வந்தது. 2015இல் முழுதாகத் திருத்தி எழுதப்பட்டது. காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும்வரை, நிறுவனத்தின் பொறுப்பாளர்கள் அதன் பங்குகளைத் தொடக்கூடாது. மீறினால் அபராதம் குறைந்தது 10 லட்சம் ரூபாய். 25 கோடி அல்லது அடைந்த லாபத்தின் மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அதுவரை போகலாம். சட்டப் புத்தகத்தைப் படித்தால் அச்சம் வரும். ஆனால் தண்டனையின் அளவைவிட, பிடிபடுவோம் என்ற எண்ணம்தான் மனிதரைத் தடுக்கிறது.

பிடிப்பது எப்படி? வேலை பெரும்பாலும் பின்னோக்கியே நடக்கிறது. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கப்போவதாக அறிவிக்கிறது, பங்கு விலை ஒரே நாளில் தாவுகிறது. கணினி அதற்கு முந்தைய சில வாரங்களுக்குத் திரும்பிப் போய், அப்போது யார் யார் வாங்கினார்கள் என்று பட்டியலெடுக்கிறது. அந்தப் பட்டியலில் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். அவர்களில் எவருடைய வாங்கல் அவரவர் பழக்கத்துக்கு மாறாக இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. மூன்று ஆண்டுகளாக மாதம் ஐயாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்கிவந்த ஒருவர், திடீரென்று இருந்த எல்லாவற்றையும் விற்று, கடனும் வாங்கி, ஒரே பங்கில் நாற்பது லட்சத்தைக் கொட்டினால் கணினியின் கண் அங்கே நிற்கும். பிறகு உறவுகளைத் தேடும் வேலை. இரண்டு கணக்குகளுக்கு ஒரே முகவரியா, ஒரே கைபேசி எண்ணா, ஒருவர் வங்கிக் கணக்கிலிருந்து மற்றவருக்குப் பணம் போயிருக்கிறதா, இருவரும் எங்காவது ஒரே நிறுவனத்தில் இயக்குநர்களா என்று புள்ளிகளைக் கோடுகளால் இணைத்து வலைப்படம் வரைகிறார்கள். அமெரிக்காவில் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பின் சந்தை முறைகேட்டுப் பிரிவு, 2010 முதல் இந்த அணுகுமுறையையே தலைகீழாக்கியது. ஒரு பங்கை எடுத்துக்கொண்டு அதில் யார் விளையாடினார்கள் என்று தேடுவதை விட்டு, ஒரு நபரை எடுத்துக்கொண்டு, சம்பந்தமில்லாத பல நிறுவனங்களின் செய்திகளுக்கு முன் அவர் எப்படி ஒவ்வொரு முறையும் சரியான பக்கத்தில் நின்றார் என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒருமுறை அதிர்ஷ்டம் யாருக்கும் வரும். பத்து முறை தொடர்ந்து வந்தால் அதற்குக் காரணம் தேட வேண்டும்.

இந்த வேலைக்கு இந்தியாவில் ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது, அதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை. 2007 ஜூலை முதல் இங்கே பங்குப் பரிவர்த்தனைக்கு ஒரே அடையாளம் பான் எண். சந்தைக்கு வரும் ஒவ்வொரு ஆணையின் பின்னாலும் எந்த வாடிக்கையாளர் இருக்கிறார் என்பது சந்தைக்கும் அதைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபிக்கும் தெரியும். பல தரகர்களிடம் கணக்கு வைத்திருந்தாலும் பான் அவற்றை ஒன்றாகக் கட்டிவிடும். அமெரிக்காவில் நீண்டகாலம் தரகர்களுக்கு எழுதிக் கேட்டுத்தான் வாடிக்கையாளர் பெயரைப் பெற வேண்டியிருந்தது. 2010 மே மாதம் சில நிமிடங்களில் சந்தை தலைகுப்புற விழுந்தபோது யார் என்ன செய்தார்கள் என்று கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆனது. அதன் பிறகுதான் எல்லா ஆணைகளையும் ஒரே இடத்தில் பின்தொடரும் ஏற்பாட்டுக்கு 2012இல் விதி கொண்டுவந்தார்கள்.

எண்களை மட்டும் வைத்து ஒரு கூட்டுச்சதியை எவ்வளவு தூரம் காட்ட முடியும் என்பதற்கு நாஸ்டாக் சந்தையின் கதையைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் அங்கே பங்கு விலையை டாலரின் எட்டில் ஒரு பங்கு என்ற கணக்கில் சொல்வார்கள். வில்லியம் கிறிஸ்டி, பால் ஷுல்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் 1991ஆம் ஆண்டின் விலைக் கேட்புகளைப் பரிசோதித்தபோது விசித்திரமான ஒன்று தென்பட்டது. முன்னணியிலிருந்த 100 பங்குகளில் 70 பங்குகளுக்கு, விலை எட்டில் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்ற ஒற்றை எண்களில் கேட்கப்படுவதே அரிதாக இருந்தது. தற்செயலாக இருந்தால் இரட்டையும் ஒற்றையும் கலந்துதான் வரவேண்டும். ஒற்றைகளைத் தவிர்த்தால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே குறைந்தது 25 சென்ட் இடைவெளி நிற்கும்; அது விலை சொல்லும் முகவர்களின் பைக்குப் போகும். 1994 மே மாத இறுதியில் இந்த ஆய்வு நாளிதழ்களில் வெளியானது. உடனே ஆம்ஜென், சிஸ்கோ, மைக்ரோசாஃப்ட் போன்ற பங்குகளில் காணாமல் போயிருந்த ஒற்றை எண்கள் திரும்பி வந்துவிட்டன! எந்தச் சட்டமும் மாறவில்லை, எந்த வழக்கும் அதற்குள் முடியவில்லை, பிறர் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் பழக்கம் மாறியது. ஆனாலும் கதை அங்கே முடியவில்லை. முகவர்கள் ஒருவரையொருவர் மிரட்டியும் கெஞ்சியும் விலையைக் காத்துக்கொண்ட தொலைபேசி ஒலிப்பதிவுகள் விசாரணையில் கிடைத்த பிறகுதான் 1996இல் கட்டுப்பாட்டு அமைப்பால் உறுதியான அறிக்கை வெளியிட முடிந்தது. முதலீட்டாளர்கள் தொடுத்த வழக்கு 100 கோடி டாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டில் முடிந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சந்தை முறைகேடுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குற்றமே சந்தைக்குள் நடப்பது. நான்கைந்து பேர் சேர்ந்து தங்களுக்குள்ளேயே வாங்கி விற்று விலையை ஏற்றுவது, வாங்கும் எண்ணமில்லாமல் பெரிய ஆணைகளைப் போட்டுக் காட்டிவிட்டு நொடிக்குள் ரத்து செய்வது போன்றவை. இவற்றில் குற்றச் செயல் ஆணைப் புத்தகத்திலேயே பதிவாகிறது. தரவே சாட்சி. இரண்டாவது வகைதான் இன்சைடர் டிரேடிங். அதன் உயிர்நாடியான செயல், அதாவது ஒருவர் இன்னொருவர் காதில் ரகசியத்தைப் போடுவது, சந்தைக்கு வெளியே, திருமண வரவேற்பிலோ நடைப்பயிற்சியிலோ நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடக்கும் வாங்கலில் தவறாக எதுவும் தெரியாது. அதே நிமிடத்தில் நூறு அப்பாவிகளும் அதே பங்கை வாங்கியிருப்பார்கள். ஒரே மென்பொருள் இரண்டு வகைக்கும் பயன்படுகிறது என்பதால் இரண்டிலும் ஒரே அளவு உறுதி கிடைக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அங்கேதான் பிழை தொடங்குகிறது.

நம் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே உணர்ந்திருக்கிறது. 2016இல் கிஷோர் அஜ்மேரா வழக்கில், பேசிவைத்துக்கொண்டு செய்யும் வாங்கல் விற்றல்களுக்கு நேரடிச் சாட்சியம் கிடைப்பது அரிது, சூழ்நிலைகளை மொத்தமாகப் பார்த்து முடிவுக்கு வரலாம் என்றது. 2022 ஏப்ரலில் பிசி ஜுவல்லர் நிறுவனம் தொடர்பான பல்ராம் கார்க் வழக்கில் நிலை வேறு. உறவினர்கள் சரியான நேரத்தில் பங்குகளை விற்றார்கள், எனவே அவர்களுக்குத் தகவல் போயிருக்கும் என்பது செபியின் வாதம். உறவும் வணிகப் போக்கும் மட்டும் போதாது, கடிதம், மின்னஞ்சல், சாட்சி என்று தகவல் கைமாறியதற்கு உருப்படியான ஆதாரம் வேண்டும், அதை நிரூபிக்கும் பொறுப்பு செபியுடையது என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. அதற்கு முந்தைய ஆண்டு வாட்ஸ்அப் வழக்கிலும் இதே கதிதான். ஏசியன் பெயின்ட்ஸ், விப்ரோ போன்ற நிறுவனங்களின் காலாண்டு எண்கள் வெளியாகும் முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியதாக 2017 நவம்பரில் செய்தி வந்தது. செபி சோதனை நடத்தி ஏராளமான கருவிகளைக் கைப்பற்றியது. எண்கள் பொருந்தின. ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து கிளம்பின என்பதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. எத்தனையோ வதந்திகளுக்கு நடுவே சில வதந்திகள் உண்மையாகிப் போவதும் உண்டு என்ற வாதத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 மார்ச்சில் ஏற்று, தண்டனைகளை ரத்து செய்தது.

இந்தத் தீர்ப்புகளைக் கேட்டுப் பலர் கொதிக்கிறார்கள். இப்படி ஆதாரம் கேட்டால் எந்த உள்ளாளையும் தண்டிக்கவே முடியாது, புள்ளிவிவரத்தின் நிகழ்தகவே போதும் என்று சட்டத்தை மாற்றுங்கள் என்கிறார்கள். அவர்களின் கோபம் நியாயமானது, தீர்வு நியாயமானதல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அறிவிப்புக்கு முன் ஒரு லட்சம் பேர் வணிகம் செய்தார்கள், அவர்களில் உண்மையான குற்றவாளிகள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். நம் மென்பொருள் மிகத் திறமையானது. குற்றவாளிகளில் 90 சதவீதத்தைப் பிடித்துவிடும், அப்பாவிகளில் ஒரு சதவீதத்தை மட்டுமே தவறாகச் சந்தேகிக்கும். விளைவு? 90 குற்றவாளிகளோடு சேர்த்து ஏறக்குறைய 999 அப்பாவிகள் பட்டியலில் நிற்பார்கள். ஒரு திருடனுக்குப் பதினொரு நிரபராதிகள். கொலை வழக்கில் மோப்ப நாய் ஒரு வீட்டு வாசலில் போய் நின்றால் காவல்துறை அங்கே விசாரிக்கிறது. நாய் நின்றது என்பதற்காக மட்டும் அந்த வீட்டுக்காரரை நம் நீதிமன்றங்கள் தண்டிப்பதில்லை. சந்தையைப் பார்க்கும் மென்பொருளுக்கும் அந்த இடம்தான் உரியது.

சரி, உச்ச நீதிமன்றம் கேட்கும் ஆதாரம் கிடைக்கவே கிடைக்காதா? கிடைக்கும், தரவு காட்டிய வாசலில் இறங்கி வேலை செய்தால். 2025 ஜனவரி 2 அன்று செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவு அதற்கு உதாரணம். வெளிநாட்டுப் பெரிய முதலீட்டு நிறுவனம் ஒன்று பங்கு வாங்குவதற்குச் சற்று முன், கொல்கத்தாவிலிருந்து சிலர் தொடர்ந்து அதே பங்குகளை வாங்கி, அந்நிறுவனம் வாங்கும்போது அதனிடமே விற்றார்கள். ஃப்ரன்ட் ரன்னிங் என்று சொல்லப்படும் இந்தப் பொருத்தத்தைக் காட்டியது தரவு. பிறகு சோதனை நடந்தது. கைபேசிகளில் ஜாக், பாஸ் என்றெல்லாம் பெயரிட்டு வைத்திருந்த எண்களிலிருந்து கட்டளைகள் வந்திருந்தன. அந்த எண்களுக்குப் பின்னால் இருப்பவர் கேதன் பரேக் என்று செபி முடிவுக்கு வந்தது; பிறந்தநாள் வாழ்த்து வந்த தேதியைப் பான் அட்டைத் தேதியோடு ஒப்பிடும் அளவுக்கு அந்த விசாரணை போயிருக்கிறது. 2001 மோசடிக்காக 14 ஆண்டுகள் சந்தையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டவர் அவர். 65.77 கோடி ரூபாயை முடக்கச் சொன்ன அந்த உத்தரவு இடைக்காலமானது, குற்றச்சாட்டு இறுதியாக நிரூபிக்கப்பட வேண்டும். எனினும் வேலை நடந்த விதத்தில் ஒரு பாடம் இருக்கிறது: கணினி ஒரு பங்கு, துப்பறிவாளரின் பொறுமை மூன்று பங்கு.

தரவு கையில் இருந்தும் கேள்வி கேட்க ஆள் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு ஜேன் ஸ்ட்ரீட் விவகாரம் சாட்சி. 2025 ஜூலை 3 அன்று செபி வெளியிட்ட இடைக்கால உத்தரவின்படி, இந்த அமெரிக்க நிறுவனம் 2024 ஜனவரி 17 காலையில் ஏறத்தாழ 4,370 கோடி ரூபாய்க்கு வங்கிப் பங்குகளையும் ஃபியூச்சர்களையும் வாங்கி, வங்கிப் பங்குகளின் குறியீட்டைத் தூக்கிப் பிடித்தது. அதே வேளையில் குறியீடு விழுந்தால் லாபம் தரும் ஆப்ஷன்களை அதைப்போல் ஏழு மடங்கு குவித்தது. பிற்பகலில் பங்குகளை விற்றுத் தள்ளியது. பங்குகளில் 61 கோடி நட்டம், ஆப்ஷனில் 734 கோடி லாபம். மொத்தம் 4,843 கோடி ரூபாயை முடக்க உத்தரவிடப்பட்டது. இது சாதாரண விலை வேறுபாட்டு வணிகம்தான் என்று மறுத்த நிறுவனம், பணத்தைக் கட்டிவிட்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. ஹெச்டிஎஃப்சி வங்கியின் காலாண்டு முடிவால் வங்கிப் பங்குகள் அடிவாங்கிய நாள் அது என்பதையும் சொல்ல வேண்டும். ஆணைகள் அத்தனையும் கண்முன் இருந்தாலும் நோக்கம் என்ன என்ற கேள்வியில் வழக்காட இடமிருக்கிறது. என்னை உறுத்துவது வேறு விஷயம். இந்தப் பரிவர்த்தனைகள் நம் சந்தையின் கணினிகளில், பெயரோடும் நேரத்தோடும் பதிவாகிக்கொண்டே இருந்தன. விசாரணைக்கு வித்திட்டதோ, 2024 ஏப்ரலில் மன்ஹாட்டன் நீதிமன்றத்தில் அந்நிறுவனம் தன் முன்னாள் ஊழியர்கள் மீது தொடுத்த வழக்கும், அதில் இந்தியச் சந்தையின் பெயர் வெளிவந்த செய்திகளும்! அதே காலத்தில் ஃபியூச்சர், ஆப்ஷன் சந்தையில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டதாகவும், மூன்று நிதியாண்டுகளில் அவர்கள் இழந்தது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் செபியே 2024 செப்டம்பரில் கணக்குச் சொன்னது. அந்த நட்டத்துக்குக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் ஒரு நிறுவனத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனால் நட்டக் கணக்கை இவ்வளவு துல்லியமாகப் போடத் தெரிந்த அமைப்பு, லாபம் எங்கே குவிகிறது என்ற கேள்வியை முன்பே கேட்டிருக்கலாம்.

இவ்வளவு பாடுபட்டு இதைத் தடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. ஹென்றி மான் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 1966லேயே, உள்ளாட்கள் வணிகம் செய்தால் விலை சீக்கிரம் உண்மை நிலையை எட்டும், அதனால் சந்தைக்கு நன்மைதான் என்று ஒரு நூலே எழுதினார். விலை சீக்கிரம் சரியாகும் என்பது உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்தச் சில நாட்களில் எதிர்ப்பக்கம் நின்று விற்றவர் யார்? மகள் திருமணத்துக்காகப் பங்குகளை விற்ற ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம். மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணை கட்டும் லட்சக்கணக்கானோருக்காக ஒரு நிதி மேலாளர் விற்றதாகவும் இருக்கலாம். 1996இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் புரூக் பாண்ட் லிப்டன் பங்குகள் 8 லட்சத்தை, இரண்டும் இணையப்போகும் அறிவிப்புக்குச் சில வாரங்களுக்கு முன், யூடிஐயிடமிருந்து வாங்கியது. அன்றைய யூடிஐ என்பது நாடு முழுவதும் இருந்த சிறு சேமிப்பாளர்களின் பணம். மேல்முறையீட்டில் செபியின் உத்தரவு நிற்கவில்லை என்றாலும், விற்றவர் இருட்டிலும் வாங்கியவர் வெளிச்சத்திலும் நின்ற வணிகம் அது. ஆட்டத்தில் எதிராளிக்கு என் சீட்டு தெரியும் என்று ஆனபிறகு, விவரம் அறிந்த எவரும் அந்த மேசையில் உட்காரமாட்டார்கள்.

தனியுரிமை பற்றிய அச்சத்தை அப்படி எளிதாகத் தள்ளிவிட முடியாது. செபியால் தொலைபேசி விவரப் பட்டியலைக் கேட்டுப் பெற முடியும். யார் யாரை எப்போது எத்தனை நிமிடம் அழைத்தார் என்பது தெரியும். பேச்சை ஒட்டுக்கேட்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ராஜரத்தினம் வழக்கைக் காட்டி அந்த அதிகாரத்தையும் தரச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே அதைச் செய்தது பங்குச் சந்தை அமைப்பல்ல. குற்றப் புலனாய்வுத் துறை, அதுவும் நீதிபதியின் அனுமதியோடு. நம் நாட்டில் ஒட்டுக்கேட்புக்கு அனுமதி தருவதே அரசுச் செயலர்கள்தான். நீதிமன்றத்தின் முன்னனுமதி என்ற பூட்டு இல்லாத அதிகாரத்தை இன்னொரு அமைப்புக்கும் கொடுத்தால், அது சந்தைத் திருடனோடு நிற்காது.

அந்த அதிகாரம் இல்லாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் ஒவ்வொரு பட்டியலிட்ட நிறுவனமும், எந்த உள்தகவல் யாரிடம் எப்போது பகிரப்பட்டது என்பதைப் பான் எண்ணோடும் நேர முத்திரையோடும் ஒரு கணினிப் பதிவேட்டில் எழுதி, குறைந்தது எட்டு ஆண்டுகள் காக்க வேண்டும். தணிக்கையாளர், வழக்கறிஞர், வங்கியாளர் என வெளியாட்களின் பெயரும் அதில் வரவேண்டும். உச்ச நீதிமன்றம் கேட்கும் கைமாற்றத்தின் முதல் பாதி இந்தப் பதிவேட்டில் இருக்கிறது. இதைக் கடமைக்கு நிரப்பும் நிறுவனம் திருடனுக்குத் திரை பிடிக்கிறது. ஆகவே அதைத் திடீர்ச் சோதனைகளால் பரிசோதித்து, இடைவெளி இருந்தால் அதையே தனிக் குற்றமாகக் கடுமையாகத் தண்டிப்பதில் செபி தயங்கக்கூடாது. மீதிப் பாதி மனிதர்களிடம் இருக்கிறது. இன்சைடர் டிரேடிங் பற்றித் துப்புக் கொடுப்பவருக்கு, மீட்கப்படும் தொகையில் 10 சதவீதம், அதிகபட்சம் 10 கோடி ரூபாய்வரை வெகுமதி தரும் ஏற்பாட்டைச் செபி 2019 முதல் வைத்திருக்கிறது. தொடக்கத்தில் உச்ச வரம்பு ஒரு கோடியாக இருந்தது. துப்புக் கொடுப்பவரின் பெயரை ரகசியமாகக் காக்கத் தனி அலுவலகமும் உண்டு. அமெரிக்காவில் இத்தகைய ஒரு நபருக்கு 2023இல் 27.9 கோடி டாலர் கொடுத்தார்கள். அங்கே 10 முதல் 30 சதவீதம்வரை கொடுக்கலாம், தொகைக்கு உச்ச வரம்பு இல்லை. இங்கும் அந்த வரம்பை எடுத்துவிட வேண்டும். அதைவிட, இப்படி ஒரு வழி இருக்கிறது என்பதே நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது என்ற நிலை மாற வேண்டும்.

நிறுவனங்களின் கணக்குப் பிரிவிலும், தணிக்கை அலுவலகங்களிலும், தரகு நிறுவனங்களிலும் வேலை பார்க்கும் வாசகர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். காலாண்டு எண்கள் யாருக்கு முன்கூட்டியே போகின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். செபியின் இணையதளத்தில் அதற்கான படிவம் இருக்கிறது. வழக்கறிஞர் வழியாகவும் அனுப்பலாம். தெரிந்ததை எழுதி அனுப்புங்கள்.